பித்தளை கழுவும் வெர்னா

சல்லடையை இடுப்போடு அணைத்துக்கொண்டு குலுக்குகிறார் வெர்னா ஓஸ்பி. அரைத்த வால்நட் ஓட்டுத் தூள் கீழே தொட்டியில் உதிர்கிறது. சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மேலே பளபளவென்று நிற்கின்றன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்புகிறார்.

"இது டுவைட்டோடது. வாயோரம் நசுங்கியிருக்கு பாரு. துப்பாக்கிய அவன் தொடச்சு மூணு வருஷம் இருக்கும். இதுல துப்பாக்கிக் கடை வேற வச்சிருக்கான்!"

எங்கள் ஹார்லோ க்ரீக் துப்பாக்கி சுடும் கிளப்பில் நாற்பது பேர். தரையில் கிடக்கும் கூடுகளைப் பொறுக்கி, வாரம் ஒரு வாளி வெர்னாவின் கொட்டகைக்குக் கொண்டுவருவது என் வேலை. கூடு சுத்தமானால்தான் வெடிமருந்தும் குண்டும் அடைத்து மறுபடி சுட முடியும். அடியில் தீப்பொறி கொடுத்து வெடித்துப்போன பிரைமர் என்ற சிறு மூடியைக் குத்தி எடுத்துவிட்டு, சோப்பும் எலுமிச்சை உப்பும் கலந்த வெந்நீரில் போடுவார். "பத்தே நிமிஷம். அதுக்கு மேல ஊறுச்சுன்னா ரோசாப்பூ மாதிரி செவந்துரும். அழகாத்தான் இருக்கும். நம்பிச் சுட முடியாது." காய்ந்த பிறகு, அதிரும் தொட்டியில் வால்நட் தூளோடு மூன்று மணி நேரம் உருட்டல். ஈயத் தூசிக்குப் பயந்து கையுறை, முகமூடி. கொட்டகையில் காபி குடிக்க யாருக்கும் அனுமதி இல்லை. போதகரையே ஒருமுறை கோப்பையோடு வெளியே அனுப்பியிருக்கிறார்.

பிழைப்பு வேறு. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், ஆறாம் எண். சாலையில் எல்க் மான் நின்றால் ஹார்ன் அடிக்க மாட்டார். கண்ணாடியை இறக்கித் திட்டுவார்.

போன மார்ச்சில், ஐம்பத்தெட்டாவது வயதில், பக்கவாதம் வந்தது. காலும் பேச்சும் பத்து நாளில் திரும்பின. வலக்கை திரும்பவில்லை. விரல்கள் பாதி மடங்கி நின்றுவிடும். எதைத் தொட்டாலும் மரத்தே இருக்கும். கோடை விடுமுறை முடிந்து செப்டம்பரில் பள்ளி திறப்பதற்குள் ஓட்டுநர் சோதனையில் தேறாவிட்டால் ஆறாம் எண்ணுக்கு வேறு ஆள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பிசைந்து பழக ஆஸ்பத்திரியில் கொடுத்த மாவு உருண்டையை இரண்டாம் நாளே குப்பையில் எறிந்தார் வெர்னா.

வாளியை டுவைட்டிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்கப் போனேன்.

"யாரக் கேட்டு? வச்சுட்டுப் போ, கிளைட்."

"முடியுமா வெர்னா?"

"முடியலைன்னா சொல்லி அனுப்புறேன், வந்து அழு. இப்பக் கெளம்பு."

இடக்கையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, வலக்கையால் மட்டுமே கூடுகளைப் பொறுக்கினார். முதல் நாள், ஒரு மணி நேரத்தில் பதினொன்று. கணவர் லைல் அதிகம் பேசாதவர். கீழே விழுந்தவற்றையெல்லாம் எடுத்து எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். மே மாதம் ஒருநாள் வெர்னா அந்த வாளியை உதைத்துக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு வாரம் கொட்டகை பூட்டியே கிடந்தது. பிறகு ஒரு காலையில் எனக்கு ஃபோன் வந்தது. "ஏம்ப்பா, என் வாளி எங்க?"

ஜூன் கடைசியில் நான் அங்கே இருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு கூட்டை வலக்கை விரல்களுக்கிடையில் மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்த வெர்னா சட்டென்று நிறுத்தினார்.

"லைல், இது உறுத்துது."

லைல் வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே."

"இருக்குய்யா. குத்துது."

"அந்தக் கையிலயா..."

"அந்தக் கையிலதான்யா சொல்றேன்!"

விளக்கடியில் பிடித்தோம். கூட்டின் கழுத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். வெர்னா அதை லைலிடமிருந்து பிடுங்கி, அந்த இடத்தையே தடவித் தடவிப் பார்த்தார். "கையுறையத் தாண்டிக் குத்துது, கிளைட்," என்று சிரித்தார். மூக்கு சிவந்திருந்தது. லைல் வெளியே போய், விறகுக் குவியலில் எதையோ தேடுகிறவர்போல் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

ஆகஸ்டில் சோதனைக்குப் போனார். முதல் தடவை தேறவில்லை. "வண்டியப் பின்னால எடுக்கறப்போ கோட்டத் தாண்டிட்டேன். அது கையோட தப்பு இல்ல, கழுத்தோட தப்பு," என்றார். பத்து நாள் கழித்து மறுபடி போய்த் தேறினார்.

பள்ளி திறந்த அன்று காலை என் தபால் பெட்டியருகே நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்காக ஆறாம் எண் பேருந்து வந்து நின்றது. பழைய வண்டி, ஓட்டுநரின் வலப்பக்கம் இருக்கும் நீண்ட இரும்புக் கைப்பிடியை நகர்த்தினால்தான் கதவு திறக்கும். கண்ணாடி வழியே பார்த்தேன். வெர்னாவின் இடக்கை ஸ்டியரிங்கைத் தாண்டி அதை நோக்கி வந்தது. பாதியில் நின்றது. திரும்பிப்போய் ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டது. வலக்கை எழுந்து, கைப்பிடியின்மேல் ஒவ்வொரு விரலாக மடிந்தது. கதவு திறந்தது.