தூங்கப் போகும்போது பூசும் கிரீம்

போன வாரம் பதுளை டவுனில் ஒரு தோல் கிளினிக்கில் காத்திருந்தேன். கன்னத்தில் மங்கு. இந்த வயதிலும் அழகு பார்க்கிற ஆசை யாரை விட்டது?

பக்கத்தில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து, கன்னத்தில் தோல் உரிந்து கிடந்தது. என் கன்னத்து மங்கு பற்றிச் சொல்லவே எனக்கு வெட்கமாகிவிட்டது.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். அந்தக் கிளினிக்கில் கதவைச் சாத்தும் வழக்கம் இல்லை. எல்லாம் வெளியே கேட்கும்.

"நைட் கிரீம் பூசிட்டு வெயில்ல போகலாமாக்கா?" இளம் டொக்டர் பதறினார்.

"தூங்கப் போறப்போ பூசணும்னு கடையில சொன்னாங்க டொக்டர். அப்படித்தான் பூசுனேன்."

"அப்புறம் எப்படி வெயில் பட்டுச்சு?"

"நான் தூங்குறது காலையில பஸ்லதானே!"

வெளியே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதன் பிறகுதான் முழுக்கதையும் காதில் விழுந்தது.

ராத்திரி முழுக்க டவுனில் ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை. விடிந்ததும் தோட்டத்து பஸ். அதில் கிடைப்பதுதான் தூக்கம். இறங்கினால் பெரட்டு... அதாவது, பெயர் கொடுத்துவிட்டு வேலைக்குப் பிரிந்து போகும் இடம். அங்கிருந்து மலைக்கு. வெயிலில் கொழுந்து பறிக்க.

"ரெண்டுல ஒண்ண விட முடியாதா?"

"எத விடுறது? டவுன் வேலைய விட்டா புள்ளைங்க படிப்பு நின்னுரும். மலைக்குப் போகாட்டி தோட்டம் குடுத்த லயத்து வீட்ட விடச் சொல்லுவாங்க. எங்க போறது டொக்டர்?"

டொக்டர் மருந்து எழுதினார். கூடவே ஒரு விஷயமும் சொன்னார்.

தோலின் செல்களுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறதாம். வெயில் அவற்றுக்குள் இருக்கும் மரபணுவைச் சேதப்படுத்துகிறது. அதைச் செல்லே பழுதுபார்க்கிறது. ஆனால் எல்லா நேரமும் ஒரே வேகத்தில் அல்ல — அவற்றுக்கும் ஒரு பெரட்டு நேரம் உண்டு! தூக்கமும் சாப்பாடும் நேரம் தவறினால் அந்தக் கடிகாரம் தடுமாறுகிறதாம். எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்று இன்னும் தேடுகிறார்களாம்.

தேடட்டும். ஆனால் ராத்திரி விழித்து, பகலில் வெயிலில் நிற்கும் மனிதரைத் தேடி ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டுமா? ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறினால் போதாதா?

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிரீமை விற்றவர், 'எப்போது தூங்குவீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டாரா? பரம்பரை பரம்பரையாக உழைத்தவர்களுக்குக் குடியிருக்கும் வீட்டைச் சொந்தமாகக் கொடுக்காமல், 'வேலைக்கு வந்தால்தான் கூரை' என்கிறோமே... இது எந்த ஊர் நியாயம்? அந்தக் கூரை சொந்தமாக இருந்திருந்தால், அதற்குக் கீழே ஸ்டெல்லா நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அவருடைய தோலும் தன் வேலையைத் தானே பார்த்திருக்கும்.

பத்திரிகைக்காரர்கள் நாங்கள் மட்டும் யோக்கியமா? வாராவாரம் அழகுக் குறிப்பு போடுகிறோம். 'இரவில் நன்றாகத் தூங்குங்கள். வெயிலில் போவதைத் தவிருங்கள்.' யாருக்கு ஐயா இந்தப் புத்திமதி?

நேற்றுக் காலை ஸ்பிரிங்வெளியில் ஒரு சாவு வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஸ்டெல்லா. இப்போது கிரீம் இல்லை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் அப்படியே. ஜன்னலில் தலை சாய்த்து நல்ல தூக்கம். ஒரு வளைவு திரும்பியதும், உரிந்த கன்னத்தில் நேராக வெயில் விழுந்தது.

எழுப்ப மனம் வரவில்லை. கையிலிருந்த பத்திரிகையை விரித்து, ஜன்னலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஸ்பிரிங்வெளி வரைக்கும்.

விரிந்திருந்தது அழகுக் குறிப்புப் பக்கம். முதல் தடவையாக ஒரு முகத்துக்கு உதவியது!