ஆல்கஹால் அமிலம்தான், லிட்மஸ் மாறாது

கெமிஸ்ட்ரி டீச்சரின் கையைச் சுடுவது ஆசிட் என்றுதான் ஊரே நினைக்கிறது. ரெக்கார்ட் நோட்டு திருத்தும் சகபாவிகளான உங்களுக்குத்தான் தெரியும், எது சுடும் என்று. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளிக்குப் பாடம் எடுக்கப் போகிறவள் நான்.

சும்மா இருந்த தாள்

போன வருஷம் ஒரு நாள் பிளஸ் டூ லேபில், பிள்ளைகள் பார்க்க எத்தனாலில் சோடியத் துண்டைப் போட்டேன். குமிழ் குமிழாக ஹைட்ரஜன் கிளம்பியது. "புரோட்டானை விட்டுக்கொடுக்குது, அதனால அமிலம்" என்றேன். கடும் அமிலம் எதிரே வந்தால் இதே ஆல்கஹால் புரோட்டானை வாங்கிக்கொண்டு காரமாகவும் நடந்துகொள்ளும் என்றும் சொன்னேன்.

அடுத்து, வேறு குழாயில் இருந்த எத்தனாலில் நீல லிட்மஸை நனைத்தேன். நிறம் மாறவில்லை. தண்ணீரைவிடப் பலவீனமான அமிலம், தாளைச் சிவப்பாக்கும் தெம்பு அதற்குக் கிடையாது என்று விளக்கினேன். செட்டியார்பட்டியிலிருந்து வரும் சுமையா அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆசிட்டுன்னு பேருதான், கோவமே வராது போல மிஸ்!"

முப்பத்தொன்பது நோட்டு

அந்த வாரம் வந்த நாற்பது ரெக்கார்ட் நோட்டில் முப்பத்தொன்பதில் 'நீல லிட்மஸ் சிவப்பாக மாறுகிறது' என்று இருந்தது. சுமையா மட்டும் 'நிறம் மாறவில்லை' என்று எழுதியிருந்தாள். விசாரித்தால், வருஷா வருஷம் கைமாறி வரும் ஒரு பழைய நோட்டு. என்றைக்கோ ஒரு மகராசன், ஆல்கஹாலைவிட வலுவான அமிலமான பீனாலுக்கு வரும் முடிவை ஆல்கஹால் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். அதைத்தான் எல்லோரும் காப்பியடித்திருக்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளாஸ் லீடரைக் கூப்பிட்டு, "கண்ணால பாத்தத எழுத என்ன கேடு?" என்றேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "பாத்தத எழுதுனா மார்க் போயிரும்னு இங்க முன்னாடி படிச்ச எங்க அண்ணன் சொன்னான் மிஸ்."

பிரின்சிபால் மேஜை

முப்பத்தொன்பதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுமையா நோட்டை மட்டும் பிரின்சிபால் கையெழுத்துக்கு அனுப்பினேன். முப்பத்தொன்பது பேர் எழுதியது தப்பு என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை; மற்றவர்களைப் போல மாற்றி எழுதினால்தான் போடுவேன் என்றுவிட்டார். நாளை மறுநாள் பிராக்டிகல் தேர்வு. கையெழுத்து இல்லாவிட்டால் அவளை உள்ளேயே விடமாட்டார்கள். அவள் அழுதுகொண்டே ஒயிட்னரை எடுத்தாள். அதைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு சோதனைக் குழாயோடு பிரின்சிபால் அறைக்குப் போனேன். பீனாலில் தாள் சிவந்தது. எத்தனாலில் நீலமாகவே இருந்தது. "முப்பத்தொம்பது பேரும் தப்பா எழுதியிருக்காங்க சார். இவ நோட்டுல நீங்க போடலன்னா, மத்த ஒரு நோட்டுலயும் நான் போடமாட்டேன்" என்றேன். அவர் கையெழுத்தைப் போட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார். "அடுத்த வருசம் ஒங்களுக்குப் பிளஸ் டூவும் கெடையாது, லேப் சாவியும் கெடையாது டீச்சர்."

சொன்னபடியே இப்போது எனக்கு ஒன்பதாம் வகுப்புதான், கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்லி அந்தப் பிள்ளைகளையும் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.