நடு ஈரமாக இருக்கும்போதே

அன்றைக்குச் சமையலறையில் அம்மா, அப்பா, நான் மூவரும் இருந்தோம். தங்கச்சி இல்லை. உக்குவளைக்கு டியூஷன் போயிருந்தாள். நாலரை பஸ்ஸில் வருவாள். செய்ததெல்லாம் அவளுக்காகத்தான்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது தங்கச்சிக்கு மூன்று வயது. திரும்பி வந்தபோது பதின்மூன்று. வந்து எட்டு மாதமாகியும் அவள் அம்மாவிடம் எதையும் கேட்டதில்லை. தலைகூட கண்ணாடி முன்னால் தானாகவே பின்னிக்கொள்வாள். போன வாரம் அம்மாவின் போனில், குவைத் வீட்டுப் பிள்ளைகள் குக்கீஸ் தட்டோடு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அம்மா மாத்தளை டவுனுக்குப் போய் ஓட்ஸ், பட்டர், சிவப்புச் சீனி, சொக்லேட், முந்திரிக் கஜு எல்லாம் வாங்கி வந்துவிட்டார். பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் டீச்சரின் ஓவனை நான் தோளில் தூக்கி வந்தேன்.

கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் கெம்பஸ் போய்ப் பட்டம் படித்தவன் நான். எழுதி வைத்தால்தான் எனக்கு நம்பிக்கை. எத்தனை கிராம் என்று கேட்டால் அம்மா உள்ளங்கையைக் காட்டினார். எத்தனை நிமிடம் என்றதற்கு, ஓரம் சிவந்து நடு ஈரமாக இருக்கும்போது எடுக்க வேண்டும் என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

தட்டை ஓவனிலிருந்து எடுத்து வைத்துவிட்டு அம்மா குளிக்கப் போனார். அப்பா ஒன்றை விரலால் அமுக்கிப் பார்த்தார். பள்ளம் விழுந்தது.

"படிச்சவன் நீயே சொல்லு, இது வெந்திருக்கா?"

பிஸ்கட் என்றால் எங்களுக்கு ஒடிய வேண்டும். நானும் அமுக்கிப் பார்த்தேன். வேகவில்லை என்றேன். மடியில் கொப்பி திறந்தே கிடந்தது. இருவருமாகத் தட்டை மறுபடி ஓவனுக்குள் தள்ளி, கால் மணி நேரம் வைத்தோம்.

அம்மா வந்து தட்டைப் பார்த்தார். திட்டவில்லை. ஆறும்போது அது தானாகவே இறுகும் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈரத் துண்டோடு அப்படியே நின்றார். அப்போது தங்கச்சி வந்துவிட்டாள்.

அவள் கடித்த சத்தம் முன்னறை வரை கேட்டது.

"பாப்பா, அம்மா செஞ்சது இது இல்ல," என்றார் அப்பா. "நாங்க ரெண்டு பேரும் கெடுத்துட்டோம்."

அவள் பிளேன்டீயில் முக்கி மென்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, அந்தப் பிள்ளைகள் தின்றது மெத்தென்று இருக்குமா என்று கேட்டாள். மடித்தால் வளையும் என்றார் அம்மா.

"அப்ப எனக்கும் அந்த மாதிரிதான் வேணும்மா. நாளைக்குச் செய்வோம். இவங்க ரெண்டு பேரையும் வெளிய நிப்பாட்டிருவோம்."

மறுநாள் கதவை உண்மையிலேயே சாத்திவிட்டார்கள். அப்பாவும் நானும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அம்மா, "இப்ப எடு, இப்ப" என்பது கேட்டது. அப்புறம் வெகுநேரம் பேச்சுச் சத்தம். கதவு திறந்து தங்கச்சி தட்டோடு வந்தபோது அவள் விரலெல்லாம் சொக்லேட். தலையில் இரட்டைப் பின்னல், அம்மா பின்னியது. ஒன்றை எடுத்து எங்கள் கண்முன்னாலேயே வளைத்துக் காட்டினாள்.

கஜு விலை கட்டுப்படியாகாமல், இரண்டாம் தடவைக்கு அப்பா கச்சான் கடலைதான் வாங்கியிருந்தார். அப்படியும் இரண்டு நாளைக்கும் சேர்த்து நாலாயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய் ஆனது.