மட்டையோடு அளந்த குல்லா

என் பெயர் சேவுகன். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஆனால் இந்தப் பாதையில் இந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. குல்லாக் கண்டக்டர் என்று கேளுங்கள், வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பட்டம் வந்த கதையை ஆளாளுக்குச் சொல்லி அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. எனவே நானே சொல்லிவிடுகிறேன். என்னைக் கேலி செய்வதில் எனக்கு இருக்கும் பழக்கம் மற்றவர்களுக்கு வராது.

முதலில் என் வீரத்தைச் சொல்ல வேண்டும். உலக யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேர்ந்தேன். ஊரே திரண்டு வந்து வழியனுப்பியது, ஒருவர் மாலைகூடப் போட்டார். நான் போய்ச் சேர்ந்தது பெங்களூர். அங்கே லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது ஒரு வெங்காய மூட்டை சரிந்து என் இடது காலில் விழுந்தது. எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சும்மா படுத்திருக்கும் ஆட்கள் ஒருவரோடொருவர் சண்டை பிடிக்கிறார்கள் என்று அங்கிருந்த வெள்ளைக்கார நர்ஸம்மா எல்லார் கையிலும் இரண்டு ஊசியையும் ஒரு கம்பளி நூல் உருண்டையையும் கொடுத்துவிட்டார். குல்லா, காலுறை, கழுத்துக்குச் சுற்றும் துணி என்று பின்னினோம். எனக்கு அது அழகாகக் கைவந்தது. எதிரி என்று ஒருவனை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஜப்பான்காரனுக்கு எதிராக நான் செய்த காரியமெல்லாம் கூடை நிறையக் குல்லா பின்னியதுதான்.

நொண்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். "குண்டு பட்டுருச்சாப்பா?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் தூரத்தில் பார்த்தேன். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. பர்மாவில் பட்ட குண்டு என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அந்தப் பார்வையால்தான் எனக்குக் கண்டக்டர் வேலை கிடைத்தது. பெண்டாட்டியாகச் செவந்தி கிடைத்ததும் அதனால்தான். ஊசிகளைத் தகரப் பெட்டியின் அடியில் போட்டு, மேலே வேட்டிகளை அடுக்கி மூடிவிட்டேன். வெங்காயமும் கம்பளியும் வெளியே தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும் என்று பயம்.

செவந்திக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. முதலாவது பிறந்த அன்றே போய்விட்டது. இரண்டாவது ஒரு வாரம் இருந்தது. அதற்கு நான் புதுக்கோட்டையிலிருந்து புதுச் சட்டை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டும் பார்த்தேன். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை, அதனால் மேலே போகிறேன்.

மூன்றாவது உண்டானது ஐம்பத்து நாலாம் வருஷம். பிரசவத்துக்கு ஆவுடையார்கோவிலில் அவள் அம்மா உண்ணாமலை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். எங்கள் பஸ் மத்தியானம் அங்கேதான் நிற்கும். நான் போய்ப் பார்ப்பேன். ஐப்பசி மழையில் வீடே ஊறிக் கிடந்தது. செவந்தி வயிற்றின் மேல் கையை வைத்தபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். என்னிடம் பேசமாட்டாள். பிள்ளையைப் பற்றி வாய் திறந்தாலே அது போய்விடும் என்று நினைத்தாள். இந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். எனக்கு டிக்கெட் கிழிக்கத் தெரியும், தூரத்தில் பார்க்கத் தெரியும். இவை இரண்டும் போக மிச்சம் இருந்தது பின்னல்தான்.

புதுக்கோட்டையில் பக்கீர் முகமதுவின் கடையில் கம்பளி நூல் கிடந்தது. யாரோ கேட்டார்கள் என்று வரவழைத்து, கேட்டவர்கள் மாற்றலாகிப் போய்விட, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. கத்தரிப்பூ நிறம். அந்த ஒரு நிறம்தான்.

"யாருக்கு கண்டக்டரே இது?" என்றார் பாய்.

"ஒரு ஆபீசர் வீட்டம்மா வாங்கியாரச் சொன்னாங்க."

"அப்படியா? நல்லா பின்னுவாங்களோ?"

"ரொம்ப நல்லா பின்னுவாங்க" என்றேன். என்னை நானே புகழ்ந்துகொள்ள அதுதான் சந்தர்ப்பம்.

மத்தியானம் பஸ் நிற்கும் நேரத்தில் படுதாவை இறக்கிவிட்டுக் கடைசி சீட்டில் உட்கார்ந்து பின்னினேன். டிரைவர் இன்னாசி அண்ணன் முன்சீட்டில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். போர்வையும் அதன் ஒரு முனையில் குல்லாவும் சேர்ந்தாற்போல் வரவேண்டும், பிள்ளையின் தலையோடு காலாக மூடவேண்டும் என்பது என் திட்டம். போர்வை வந்துவிட்டது. குல்லாவில் நின்றுவிட்டேன். பிறந்த பிள்ளையின் தலை எவ்வளவு இருக்கும்? எனக்குப் பிறந்த இரண்டும் கண்ணில் நிற்கும் அளவுக்குக்கூட இருக்கவில்லை.

"அண்ணே, பச்சைப்புள்ள தலை என்ன அளவுண்ணே இருக்கும்?" என்று கேட்டேன்.

துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "தேங்கா அளவு இருக்கும். எதுக்குடா?"

"சும்மா கேட்டேண்ணே."

ஐந்து பிள்ளை பெற்றவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பஸ் கூரை மேல் மீமிசல் சந்தைக்குப் போகிற தேங்காய்கள் கிடந்தன. ஏறி, நல்லதாக ஒன்றை எடுத்து, நூலைச் சுற்றி அளந்துகொண்டேன். அது மட்டை உரிக்காத தேங்காய். இப்போது நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. பட்டாளத்துக்குப் போனவன், நாலு ஊர் பார்த்தவன், எனக்கு அது தோன்றவில்லை. எந்தத் தாய் அந்த அளவு தலையைப் பெறுவாள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

தை மாதம் பிறக்க வேண்டிய பிள்ளை கார்த்திகையிலேயே பிறந்துவிட்டது. எட்டாம் மாதம். நாங்கள் மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது உண்ணாமலை அத்தை வாசலிலேயே நின்றிருந்தார்.

"விடியக்கால பொறந்துச்சு மாப்பிள்ளை. பொம்பளைப் புள்ள. எலி மாதிரி கெடக்கு" என்றார். "சூடு வேணும், சூடு போனா புள்ள போயிரும்னு மருத்துவச்சி சொல்லுறா. சுத்தி வச்சிருந்த பழந்துணி பூராவும் ஈரம். ஒண்ணும் காயமாட்டேங்குது."

எட்டிப் பார்த்தேன். செவந்தி பிள்ளையை மாரோடு அணைத்து, தன் சேலையையே சுற்றிக்கொண்டு கிடந்தாள். அந்தச் சேலையும் ஈரம். பக்கத்தில் நெருப்புச் சட்டி புகைந்தது. நான் ஓடிப்போய்ப் பஸ்ஸிலிருந்து போர்வையைக் கொண்டுவந்தேன். யார் பின்னியது என்று கேட்டால் என்ன பொய் சொல்வது என்றுகூட யோசிக்கவில்லை. ஆனால் அத்தை அதைக் கேட்கவில்லை.

"புதுசா?" என்றார்.

"கம்பளி அத்தை. நல்ல சூடு."

"புதுசான்னு கேட்டேன்."

"ஆமா."

"வேணாம். போன புள்ளைக்கும் இப்படித்தான் புதுச்சட்டையோட வந்து நின்னீங்க. பச்சைப்புள்ள மேல புதுசு படக்கூடாது. நாலு பேரு ஒடம்புல பட்டு அழுக்கான துணியா இருக்கணும். இதைப் பழசாக்கிக் கொண்டாங்க, போடுறேன்."

எனக்குக் கோபம் வந்தது. துணிக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கத்த வாயெடுத்தேன். அப்போது செவந்தி என்னைப் பார்த்தாள். அம்மா சொல்வதை அவளும் நம்பினாள் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. அந்தச் சட்டையை வாங்கியது நான்தானே. இன்னாசி அண்ணன் ஹாரன் அடித்தார். மீமிசல் போய்த் திரும்ப வேண்டும், பொழுது சாய்வதற்குள் இங்கே வந்துவிடலாம். அதற்குள் பழசாக்கிவிடுவது என்று ஓடினேன்.

ஒரு துணியை எப்படிச் சீக்கிரம் பழசாக்குவது? யாராவது உடுத்த வேண்டும். என் கையில் டிக்கெட் கட்டும் பையும் இருந்தன. இருந்த ஒரே இடம் தலை. போட்டுக்கொண்டேன். மட்டையோடு அளந்த குல்லா என் தலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. போர்வை முதுகில் தொங்கியது. காக்கி உடுப்புக்கு மேல் கத்தரிப்பூ முக்காடு போட்ட ஒரு கண்டக்டர் "டிக்கெட், டிக்கெட்" என்று வருவதை அந்தப் பஸ் அன்றைக்குத்தான் பார்த்தது.

எல்லாரும் என் தலையைப் பார்த்தார்கள். பைத்தியமாக இருந்தால் வம்பு என்று சில்லறையைச் சரியாகக் கொடுத்தார்கள். இன்னாசி அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியைப் பள்ளத்தில் விட்டார்.

"என்னடா கோலம் இது?"

"மழைண்ணே."

"பஸ்ஸுக்குள்ளயா?"

அன்றைக்குப் பார்த்தா பக்கீர் முகமது பாய் ஒரு கல்யாண வீட்டுக்காக அந்த வண்டியில் வரவேண்டும்? நூலை ஒரு பார்வை பார்த்தார். விரலால் தடவினார். "இது நம்ம கடைச் சரக்குல்ல? அப்ப, ரொம்ப நல்லா பின்னுற அந்த ஆபீசர் வீட்டம்மா நீங்கதானா?" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. எங்கே கற்றாய் என்றார் ஒருவர். பட்டாளத்தில் என்றேன். பர்மாவில் குண்டுக்கு நடுவிலா என்றார் இன்னொருவர். எனக்கு அலுத்துவிட்டது. "பர்மாவுமில்லை, குண்டுமில்லை. பெங்களூரு. வெங்காய மூட்டை" என்றேன். அதற்குப் பிறகு வந்த சிரிப்பில் பஸ்ஸின் படுதாக்கள் ஆடின. எத்தனையோ வருஷம் தூரத்தில் பார்த்துச் சேர்த்த மானம் ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. நானும் சிரிக்கப் பார்த்தேன். வந்தது அழுகை.

"எட்டாம் மாசப் புள்ளங்க" என்றேன். "குளுருல கெடக்கு. புதுசு ஆகாதுங்கிறாங்க. ஏற்கெனவே ரெண்டு போயிருச்சு."

சிரிப்பு நின்றது. மீமிசலில் கருவாடு வாங்கி ஊர் ஊராக விற்கும் ராபியாம்மா காலிக் கூடையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். எட்டுப் பிள்ளை பெற்று எட்டையும் வளர்த்தவர். அவர் எழுந்து என் தலையிலிருந்து குல்லாவை உருவினார்.

"இங்கிட்டு குடு வாப்பா. நீ ஒரு ஆளு போட்டா எப்பப் பழசாகுறது?"

முக்காட்டுக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டு முகத்தையும் ஒரு துடை துடைத்தார். பிறகு பக்கத்துப் பெண்ணிடம் தந்தார். அது சீட்டு சீட்டாகப் போயிற்று. ஒரு பெரியவர் சுருட்டை அணைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு, தன் வயசு பிள்ளைக்கு வரட்டும் என்று சொல்லிக் கொடுத்தார். பாய் இரண்டு தரம் போட்டுக்கொண்டார். மீமிசலில் ஏறியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இறங்கியவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பும் வழியில் இன்னாசி அண்ணன் வண்டியை நிறுத்தினார். "அஞ்சு புள்ள பெத்த தலைடா இது, விட்டுட்டியே" என்று வாங்கி மாட்டிக்கொண்டு அதோடேயே வண்டியை ஓட்டினார். அப்போதுதான் குல்லாவின் அளவு அவருக்கு உறைத்தது. "அட பாவி, மட்டையோடயா அளந்த?" என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல் வண்டியை வேகமாக விட்டார்.

நிலையத்துக்குப் போகாமல் பஸ் நேராகத் தெருமுனையில் நின்றது. நான் இறங்கி ஓடினேன். வீட்டிலிருந்து சத்தமே இல்லை. இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் ஓடியது அன்று ஒரு நாள்தான். வாசலில் அத்தை போர்வையை வாங்கி மூக்கில் வைத்தார். முகம் சுளித்தது.

"கருவாடு."

"ஆமா அத்தை."

"சுருட்டு, விளக்கெண்ணெய்..." மறுபடி மோந்தார். "இனி எமன் வந்தாக்கூட மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிருவான். கொண்டாங்க."

உள்ளே கொண்டுபோய்ப் பிள்ளையின் தலையில் குல்லாவை மாட்டினார். பிள்ளை காணாமல் போய்விட்டது. தலை, கழுத்து, கை, கால் எல்லாமே குல்லாவுக்குள் போய்விட்டன. அத்தை திகைத்துப்போய் உள்ளே கையை விட்டுத் தேடி, முகத்தை மட்டும் வெளியே எடுத்தார். மிச்சப் போர்வையைச் சுற்றிச் சுற்றி மடித்தார். குல்லா ஒரு பையாகிவிட்டது. செவந்தி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரு தலைக்குங்க பின்னுனீங்க இதை?" என்று கேட்டுச் சிரித்தாள். இரண்டு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு அது. பிள்ளை மெல்லிசாக அழத் தொடங்கியது. தெருமுனையில் இன்னாசி அண்ணன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தை பிறக்கும் வரை பிள்ளை அந்தக் குல்லாவுக்குள்தான் குடியிருந்தது. பிச்சம்மாள் என்று பெயர் வைத்தோம், ஊராரிடம் வாங்கிய உயிர் என்பதால். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் டிக்கெட்டுக்கு முன்னால் "புள்ள எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். பர்மாவைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

இந்த வருஷ மழையில் பிச்சம்மாள் தகரப் பெட்டியைக் குடைந்து அதை வெளியே எடுத்தாள். பன்னிரண்டு வயசாகிறது, வாய்க்குக் குறைவில்லை. தலையில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தாள். அளந்து பின்னியது போல் இருந்தது.

"ஏம்ப்பா, அம்மாம் சின்னப் புள்ளைக்கு எதுக்கு இம்மாம் பெருசா பின்னுனீங்க?" என்றாள்.

தேங்காய்க் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான். அவளிடம் ஏனோ வாய் வரவில்லை. "நீ வளந்துருவேன்னு எனக்குத் தெரியும்மா" என்றேன்.

பர்மாக் குண்டைவிடப் பெரிய பொய் அது. அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இருந்தது, அவள் வளர்வாளா என்பது ஒன்றுதான்.