கொக்கின் காலில் பனியன் நூல்

டாப்சிலிப்பில் யானை பார்க்கப் போகும் வழியில், ஊத்துக்குளி சாலைக் குளத்தருகே காரை நிறுத்துகிறேன். கரையோரம் ஒரு கொக்கு எழ முயன்று விழுகிறது. இரண்டு கால்களிலும் பனியன் கம்பெனிக் கழிவு நூல். நான் நெருங்கினால் மிரண்டு துடிக்கிறது.

கம்பெனி வேனுக்காக நிற்கும் ஒரு பெண் சேற்றில் இறங்கி, துப்பட்டாவைப் போர்த்தி அதைப் பிடித்துக்கொள்கிறார்.

“ஏனுங்க, பாத்துட்டே நிக்கறீங்க? என் பையில பிசிறு வெட்டற டிரிம்மர் இருக்குதுங்க. எடுத்து நூலை வெட்டுங்க. காலு பத்தரமுங்க!”

வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. அவர் திரும்பவில்லை. வேன் போய்விடுகிறது. கடைசி இழையையும் வெட்டுகிறேன்.

கொக்கு பறந்து எதிர்க்கரையில் இறங்கி, உடனே மீனைக் கொத்துகிறது.

“பசி போலிருக்குதுங்க,” என்று சிரிக்கிறார்.

“வாங்க, கம்பெனியில விட்டுடறேன்.”

சேற்றுக் காலோடு காரில் ஏறுகிறார்.