மேத்தி தின்று கொழுத்தவை

எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது. அந்த வீட்டில் பிறந்த நான் டெல்லியில் கறியின் தரத்தை ஆராய்ச்சி செய்தேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் வளர்த்தவை கினிப் பன்றிகள். பெயரில்தான் பன்றி, அது எலி இனம். வடகிழக்கு மலைப் பக்கம் சில வீடுகளில் கோழி வளர்ப்பதுபோல் அவற்றைக் கறிக்காக வளர்க்கிறார்கள். கடைத் தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாத அந்த வீடுகளுக்காக, கழித்துப்போடும் கீரையையும் இலையையும் வைத்தே அவற்றை வளர்த்துக் காட்ட வேண்டும். என் முனைவர் பட்டம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, அதுகளத் தொட்ட கையாலயா சோறு திங்க?" என்று அம்மா திருநெல்வேலியிலிருந்து போனில் கேட்பாள்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தாம்மா திங்கேன்."

முதல் தடவை நானே கெடுத்தேன். முயலுக்கான தீவனத்தை மட்டும் போட்டேன். குட்டிகள் வளராமல் சுருண்டு கிடந்தன. பின்னங்கால் மூட்டு வீங்கி நொண்டின. மனிதர்களைப் போலவே அந்தப் பிராணியின் உடம்பிலும் வைட்டமின் சி தானாக ஊறாது, தின்றால்தான் உண்டு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதிய விஷயம், கூண்டுக்கு முன்னால் நின்றபோது மறந்துபோயிற்று. என்னையே நாலு சாத்துச் சாத்தலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு விடவில்லை. துவாரகாவில் இருந்து விடியற்காலை மெட்ரோவில் கிளம்பி ஐ.என்.ஏ. மார்க்கெட் போவேன். காலிஃபிளவரின் வெளி இலை, முதல் நாள் விற்காமல் வாடிய வெந்தயக்கீரை, அங்கே அதற்கு மேத்தி என்று பெயர். குளிர்காலத்தில் டெல்லியில் மேத்திக்கா பஞ்சம்? கீரைக்காரர் சாக்கில் திணித்துக்கொண்டே, "மேடம், ஃப்ளாட்டில் பசு மாடா வளர்க்கிறீர்கள்?" என்று இந்தியில் கேட்பார். "ஆமாம் அண்ணே, நாலாவது மாடியில்" என்பேன்.

ஒரு கூட்டத்துக்குப் புல்லும் கடைத் தீவனமும். இன்னொரு கூட்டத்துக்கு மேத்தியும் காலிஃபிளவர் இலையும். வாராவாரம் எடை போட்டேன். மேத்தி தின்றவை மற்றவற்றுக்குக் கொஞ்சமும் சளைக்காமல் கொழுகொழுவென்று வளர்ந்தன. கறியின் நிறம், ஈரம், கொழுப்பு எல்லாம் ஆய்வுக்கூடத்தில் பார்த்தாயிற்று. என் கைடு தஞ்சாவூர்க்காரர், லேசில் பாராட்டாதவர், அவரே "பேஷ்" என்றார்.

கடைசியாக ருசி பார்க்கும் நாள். வெறும் உப்புப் போட்டு வேகவைத்த கறியை, எது எந்தக் கூட்டம் என்று சொல்லாமல் இரண்டு தட்டில் வைக்க வேண்டும். எங்கள் துறை அலுவலகத்து ஆட்கள் ஆறு பேர் வந்தார்கள். இரண்டு தட்டையும் வழித்துத் தின்றுவிட்டு ஆறு பேரும் "அச்சா" என்று எழுதினார்கள். ஏழாவது ஆள் என்னோடு படித்த வடகிழக்கு மலைப் பக்கத்துப் பெண். அந்தக் கறியைத் தின்றே வளர்ந்தவள். ஒரு தட்டை மட்டும் பாதியில் தள்ளி வைத்திருந்தாள். கேட்டால், "விடுங்கள் அக்கா, நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள். நான் விடவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு இந்தியில் சொன்னாள்: "மேத்தி நாற்றம் அடிக்கிறது. எங்கள் ஊரில் இதை யாரும் இரண்டாவது முறை வாங்க மாட்டார்கள்."

அவள் தள்ளிவைத்தது மேத்திக் கூட்டத்தின் தட்டு.

கைடிடம் ஓடினேன்.

"ஒரு ஆள் சொன்னதுக்கா இப்படிப் பதறறே? ஆறு பேர் நன்னா இருக்குன்னு எழுதியிருக்கா. அந்தப் பொண்ணுக்கு மூக்கு ஜாஸ்தி. தீசிஸ எழுதி முடிம்மா. மறுபடி ஆரம்பிச்சா உனக்கு டைம் இருக்கா?"

இல்லை. பதிவுக்காலம் முடிய ஆறு மாதம்தான் பாக்கி. அவர் சொன்னபடி எழுதினால் பட்டம் நிச்சயம். ஆனால் அதை நம்பி ஒரு வீட்டில் கொட்டில் நிறைய வளர்த்து, வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தால்?

திரும்பி வந்தபோது பாத்திரங்களில் மிச்சம் இருந்தது. கதவைச் சாத்தினேன். மேத்திக் கூட்டத்தில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். குமட்டியது. துப்பவில்லை. கறி எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெந்தயம்? இட்லிக்கு ஊறப்போட்டு, குழம்பில் தாளித்து, வயிற்று வலிக்கு மோரில் போட்டு விழுங்கி வளர்ந்த நாக்கு இது. கசப்போடு அப்படியே வந்து நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு மற்றப் பாத்திரத்திலிருந்தும் ஒரு துண்டு தின்றேன். அதில் இல்லை.

வாயைக் கழுவிக்கொண்டு மறுபடி கைடின் அறைக்குப் போனேன்.

"சார், இப்ப ரெண்டு பேர் சொல்றோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். என் வீடு எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

"நீயா சாப்பிட்டே?"

"ஆமா சார். அறுக்கதுக்கு முந்தின கடைசி வாரங்கள்ல மேத்திய நிறுத்திட்டு வளர்த்துப் பாக்கேன். அதையும் நான்தான் சாப்பிடுவேன்."