தண்ணீர் வற்றியதைக் கேட்டேன்

போன ஐப்பசியில், புதுச்சேரி குருசுக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே கண் நரம்பு நோயால் எனக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. அந்தத் துக்கத்தைக்கூட ஒருவழியாக விழுங்கிவிட்டேன். அடுப்படிக்குள் விடமாட்டேன் என்று மாமியார் பிடிவாதமாக நின்றதுதான் தாங்க முடியவில்லை.

அத்தை கெட்டவர் இல்லை. வேளாவேளைக்குத் தட்டில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். "உனக்கு இன்னாம்மா கொறை? செவனேன்னு உக்காரு" என்பார். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமான புதிதில் இந்த வீட்டு விருந்துகளுக்கெல்லாம் ஒற்றை ஆளாகச் சமைத்தவள் நான்.

ஒருநாள் சண்டையே போட்டுவிட்டேன். கடைசியில் அத்தை இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு வருகிறாள். காலை இட்லியை நானே அவிக்கலாம். ஆனால் கையைச் சுட்டுக்கொண்டாலோ, எதையாவது கெடுத்தாலோ, அதற்கப்புறம் சமையல் பேச்சையே எடுக்கக் கூடாது. ஒத்துக்கொண்டேன்.

இட்லிப் பானைக்குத் தண்ணீர் ஊற்றுவதைக்கூட அத்தை என்னிடம் விடவில்லை. நான் அதில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டேன். பல வீடுகளில் செய்வதுதான். தண்ணீர் இருந்து கொதிக்கிற வரைக்கும் காசு அடியில் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும்; வற்றிவிட்டால் சத்தம் நின்றுவிடும்.

சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் தண்ணீர் கொதிக்கும் சத்தத்தைக் கூடத்திலிருந்தே கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தேன். முதலில் மெல்லிய இரைச்சல் கிளம்பும். அது ஏறிக்கொண்டே போய், தூரத்தில் மழை வருவது மாதிரி கேட்கும். அதைக் கொதி என்று நம்பினால் ஏமாந்தோம். அந்த இரைச்சல் அடங்கித் தளதளவென்று கனத்த சத்தமாக மாறும்போதுதான் உண்மையான கொதி. அன்றைக்கும் அந்தச் சத்தம் வந்த பிறகே தட்டுகளை உள்ளே வைத்தேன்.

முதல் ஈடு நன்றாக வந்தது. மூடியை என் பக்கம் சாய்த்துத் தடுப்பாகப் பிடித்து, ஆவியைச் சுவர்ப் பக்கம் போக விட்டேன். எல்லோரும் பார்க்கிற அந்த வெள்ளைப் புகையைவிட, அதற்குக் கீழே கண்ணுக்கே தெரியாமல் சீறி வருகிற ஆவிதான் அதிகம் சுடும். அந்த விஷயத்தில் கண் தெரிந்தவர்களும் நானும் ஒன்றுதான்!

இரண்டாவது ஈடு வேகும்போது வாசலில் நாத்தனார் வந்துவிட்டாள். பிள்ளைகளின் கூச்சல். அதற்கு நடுவில் காசின் சத்தம் நின்றுபோனது.

"அத்தை, தண்ணி வத்திப்போச்சு."

"இன்னா சொல்ற? ஆவிதான் பொகபொகன்னு வருதே! நான் கண்ணால பாக்குறேன்ல?"

பாதியில் திறந்து இட்லி கெட்டுப்போனால், நாத்தனார் முன்னால் மானம் போகும், சமையலறையும் போகும். ஆனாலும் என் காதை நம்பினேன். அடுப்பை அணைத்தேன். ஆவி அடங்கக் காத்திருந்து, துணியால் பிடித்துத் தட்டுகளை வெளியே எடுத்து வைத்தேன்.

"உள்ள பாருங்க அத்தை."

அத்தையின் வளையல் பானை விளிம்பில் இடித்தது.

"அய்யய்யோ, ஆமாண்டி! அடியில சும்மா நனைஞ்சாப்ல கெடக்குது. இன்னும் செத்த விட்டா பான தீஞ்சிருக்கும். கொதிச்சுச் சிந்தி ஒம்மேல பட்டுடப் போவுதுன்னு நான்தான் கொஞ்சமா ஊத்துனேன்" என்றார்.

"இப்ப நான் ஊத்துறேன்" என்று சொம்பை வாங்கினேன். சுடுகிற பானைக்குள் விரலை விட்டு அளவு பார்க்க முடியாதே! அதனால் சொம்புக் கணக்கில் ஊற்றி, மறுபடி கொதி வந்ததும் தட்டுகளைத் திரும்ப உள்ளே வைத்தேன். இட்லி பூவாக வந்தது. பந்தியில் அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இன்னிக்கு இட்லி என் மருமவ அவிச்சது. பான வத்துனது எனக்குத் தெரியல, அவளுக்குத் தெரிஞ்சுது!" எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதைவிடப் பெரிய பரிசு மறுநாள் காலையில் கிடைத்தது. அத்தை எழுந்திருக்கவே இல்லை. படுத்த இடத்திலிருந்தே, "ஏம்மா, காப்பி இன்னும் ஆவலையா?" என்று அதட்டினார். அழுகையும் சிரிப்புமாக ஓடிப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். நம்மைத் தாங்குகிறவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். நம்மை நம்பி அதட்டி வேலை வாங்க ஒருவர் இருப்பதுதான் பெரிய மரியாதை என்று இன்றும் ஒவ்வொரு காலையும் எனக்குத் தோன்றுகிறது.